வன்னியில் காணி வாங்கும் முன்: 'வருகுதாம்' விலையும் மாதம் வரும் வாடகையும்

2012இல் மாங்குளத்துத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் வைத்துத்தான் நான் என் முதல் காணிக்கு முற்பணம் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பெருவீதியிலிருந்து இருநூறு மீற்றர் உள்ளே, அரை ஏக்கர், முழுக்கப் பற்றை. தரகர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, மாகாண சபைத் தலைமையகம் இஞ்சதான் வருகுதாம். இப்ப எடுத்தா மலிவு. ரெண்டு வருசத்தில டபிள்." அந்தக் காணியில் மாதம் என்ன வருமானம் வரும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. தலைமையகம் மாங்குளத்துக்கு வரவில்லை.

அதே காலத்தில் என் சின்னம்மா கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு பழைய கடைக் கட்டடத்தை வாங்கினா. எல்லாரும் சிரித்தோம். கூரையில் ஓட்டை, சுவரில் சன்னம் பட்ட அடையாளம், பார்க்க ஒன்றுமில்லை. இன்றைக்கும் மாதம் ஐந்தாம் திகதிக்குள் இரண்டு கடை வாடகையும் வந்துவிடும். சி.ஆர். கொப்பி ஒன்றில் நீலப் பேனையால் வரவும், சிவப்புப் பேனையால் செலவும் எழுதுவா. பல்ப் மாற்றிய 350 ரூபாயும் அதில் இருக்கும்.

அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் காணி வாங்குவதில் இரண்டு வெவ்வேறு தொழில்கள் இருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. ஒன்றில், நாளைக்கு வேறொருவர் கூடுதல் விலை தருவார் என்று நம்பி வாங்குகிறோம். மற்றதில், காணியும் கட்டடமும் மாதாமாதம் கையில் தரும் காசுக்காக வாங்குகிறோம். முதலாவதை நான் 'வருகுதாம் காணி' என்று சொல்வேன். அதை வாங்கக் கூடாது என்று சொல்லவரவில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கித்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள், நானும் அப்படித்தான். எனவே முற்பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு படியாகச் செய்ய வேண்டியதை எழுதுகிறேன். தொகைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: விற்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்

முதல் கேள்வி இது: இந்தக் காணியைப் பத்து வருடத்துக்கு விற்க முடியாது என்று யாராவது தடை போட்டால், அப்போதும் வாங்குவேனா? 'ஓம்' என்றால் அதில் ஏதோ வருமானமோ பயனோ இருக்கிறது. 'இல்லை' என்றால் நீங்கள் வாங்குவது ஒரு ஊகத்தை.

வன்னியில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2002இல் ஏ9 திறந்தபோது கிளிநொச்சியில் காணி விலை ஏறியது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள். 2006 ஆகஸ்டில் பாதை பூட்டியது. அதன்பிறகு மூன்று வருடத்துக்குள் ஊரே இடம்பெயர்ந்தது. 2005இல் வாங்கியவருக்கு விற்கும் வாய்ப்பு எப்போது திரும்பி வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

'வருகுதாம்' எல்லாம் பொய் என்றும் இல்லை. ரயில் வருகுதாம் என்றார்கள், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. பல்கலைக்கழக பீடங்கள் வருகுதாம் என்றார்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் என்று வந்துவிட்டன. இப்போது பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் கைத்தொழில் வலயம் பற்றிப் பேச்சு. வரலாம். ஆனால் வரும் என்ற சொல்லுக்குரிய விலையை விற்பவர் ஏற்கெனவே கூட்டி வைத்திருப்பார். வந்தால் உங்களுக்கு மிச்சம் கொஞ்சம், வராவிட்டால் நட்டம் முழுக்க உங்களுக்கு.

இன்னொன்று: வாகனம் போகும் இடத்தில் எல்லாம் காசு இறங்காது, நிற்கும் இடத்தில்தான் இறங்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும், அதனால் அங்கே கச்சான் கடை ஓடுகிறது. பாதை திருத்திய பிறகு பஸ்கள் நிற்காமல் பறக்கும் எத்தனையோ 'ஏ9 முகப்புக் காணிகள்' இரண்டு பக்கமும் பற்றையாகக் கிடக்கின்றன.

படி 2: உறுதியா, பெர்மிட்டா, அளிப்பா?

இந்தப் படியில் நேரத்தைச் செலவழியுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெரும்பகுதிக் காணிகள் குடியேற்றத் திட்டங்களில் அரசு கொடுத்தவை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதிப் பத்திரம், அதாவது பெர்மிட், விற்கும் உரிமையைத் தருவதில்லை. அளிப்புப் பத்திரம், அதாவது கிராண்ட், பெர்மிட்டை விடப் பலமானது, ஆனால் அதைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தனியார் உறுதிக் காணிதான், அதாவது உரிமைப் பத்திரம் எழுதிப் பதிந்த சொந்தக் காணிதான், நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் தாராளமாக வாங்கி விற்கக்கூடியது.

தரகர் என்ன சொல்வார்? "பெர்மிட் எண்டாப் பாதி விலை. முத்திரையில எழுதி எடுப்பம், பிறகு மாத்தலாம்." பாதி விலைக்குக் காரணம் இருக்கிறது. காணி கைமாறுவதற்கு 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். முத்திரைக் கடதாசியில் இருவர் போட்ட கையெழுத்தால் காணி உங்களுடையதாகாது. பெர்மிட்காரர் இறந்தால் பின்னுரித்தாளியாகப் பதிவு செய்யப்பட்ட பிள்ளை வந்து நிற்கும். உங்கள் கடதாசி அப்போது உதவாது.

ஊகத்துக்குக் காணி வாங்குபவரின் இலாபம் முழுக்க விற்கும் நாளில்தான் இருக்கிறது. சட்டப்படி விற்க முடியாத காணியில் ஊகம் செய்வது, பூட்டின் திறப்பு இன்னொருவர் கையில் இருக்கும் பெட்டிக்குள் காசு போடுவது. பெர்மிட் காணி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அது வேறு கதை. அதில் பயிர் வையுங்கள், தென்னை வையுங்கள், வருமானத்தைப் பாருங்கள். விலையை மறந்துவிடுங்கள்.

உறுதிக் காணி என்றால் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கங்களின் பிரதியை எடுத்து, குறைந்தது முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். போர்க்காலத்தில் உறுதிகள் தொலைந்தன, எரிந்தன, ஒரே காணிக்கு இரண்டு பேர் கடதாசி வைத்திருப்பதும் உண்டு. பிறகு தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். வட மாகாணக் காணி என்பதால் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமை, இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் விற்றால், நீங்கள் வாங்கிய பிறகு கனடாவிலிருந்து ஒரு தம்பி வழக்குப் போடலாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் என்றால் கணவனின் எழுத்துச் சம்மதம் உறுதியில் வேண்டும். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, யார் இருப்பில் இருக்கிறார் என்று பாருங்கள். பத்து வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராகக் காணியை ஆட்சி செய்தவர், அது தன்னுடையது என்று ஆட்சியுரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு விலக்குக் கொடுத்தது. ஆனால் அதன்பிறகு ஓடிய வருடங்கள் கணக்கில் சேரும். பூட்டிவிட்டு வெளிநாடு போன வளவுகளுக்கு இது பெரிய ஆபத்து.

படி 3: மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள்

ஆவணியில் காணி பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஒருமுறை போங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்தபோது பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் நின்ற தண்ணீரின் கோடு சில சுவர்களில் பிறகும் கனகாலம் தெரிந்தது. அயல் வீட்டு அம்மாவிடம் "வெள்ளம் எவடம் மட்டும் வந்தது?" என்று கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். பூநகரிப் பக்கம் உவர். உவர்த் தண்ணீர்க் காணியில் வாடகை வீடு போட்டால் குடியிருப்பவர் மூன்று மாதத்தில் வேறு இடம் தேடுவார்.

காட்டோரக் காணி என்றால் வன இலாகாவும் வனவிலங்குத் திணைக்களமும் உரிமை கோருகின்றனவா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கண்ணிவெடி அகற்றிய சான்றையும் கேளுங்கள். 2025 மார்ச்சில் வடக்கில் ஏறக்குறைய 5,900 ஏக்கரை உரிமை தீர்க்கும் பணிக்கென்று வர்த்தமானியில் போட்டார்கள். எதிர்ப்பு எழுந்து, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, பிறகு அது மீளப்பெறப்பட்டது. அந்தச் சில மாதங்களில் குறித்த பகுதிகளில் காணி வாங்க எவர் முன்வருவார்? ஊகக் காணியின் விலை இப்படி ஒரு கடதாசியில் உறைந்துபோகும். கடை வாடகை அப்படி உறையாது, கடைக்காரர் பால்மா விற்றுக்கொண்டுதான் இருப்பார்.

படி 4: வாடகைக் கணக்கு, பொய் இல்லாமல்

ஒரு வருடத்தில் கையில் மிஞ்சும் காசை, அந்த இடத்துக்கு நீங்கள் போட்ட முழுக் காசால் வகுங்கள். இதுதான் கணக்கு. ஆனால் மேலே இருப்பதைக் கூட்டியும் கீழே இருப்பதைக் குறைத்தும் எழுதுவது மனித இயல்பு.

அறிவியல் நகர்ப் பக்கம் மாணவர்களுக்கு நான்கு அறை போடிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர்ச் காணி 20 இலட்சம். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம்: 3,000 உடன் 76,000 சேர்த்து 79,000 ரூபா. நொத்தாரிசு, சேவையர் செலவுக்கு இன்னும் கொஞ்சம், எல்லாம் சேர்த்து 1 இலட்சம் என்று வையுங்கள். கட்டடம் 60 இலட்சம். கிணறு, கரண்ட், மலசலகூடம், மதில் 8 இலட்சம். மொத்தம் 89 இலட்சம்.

எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு 8,000 என்றால் மாதம் 64,000. ஆர்வமாக 12ஆல் பெருக்காதீர்கள். விடுமுறை, ஆள் மாறும் இடைவெளி எல்லாம் போகப் பத்து மாதம் என்றால் 6 இலட்சத்து 40 ஆயிரம். அதில் கரண்ட், மோட்டர் பழுது, பெயிண்ட், துப்புரவு, சோலை வரி (உள்ளூர்ச் சபைக்குக் கட்டும் ஆதன வரி) எல்லாம் 1 இலட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 5 இலட்சம். 89 இலட்சத்துக்கு இது ஏறக்குறைய 5.6 வீதம்.

வங்கி நிலையான வைப்புக்கு 8 வீதம் தந்தால் அதே 89 இலட்சத்துக்கு 7 இலட்சத்துக்கு மேல் வரும், மோட்டரும் பழுதாகாது. அப்படியானால் போடிங் முட்டாள்தனமா? இல்லை. வங்கியில் முதல் அப்படியே நிற்கும், விலைவாசி அதைத் தின்னும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் கணக்கில் பணவீக்கம் 70 வீதத்துக்கு அருகில் போனது. அந்த வருடம் வைப்பில் காசு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன செய்தது என்று. வாடகையைக் கூட்டலாம், வைப்பின் முதலைக் கூட்ட முடியாது. இந்த வித்தியாசத்துக்காக இரண்டொரு வீதம் குறைவாக வாங்கலாம். ஐந்து வீதம் குறைவாக வாங்கக் கூடாது.

சின்னம்மாவின் வழியைப் பாருங்கள். பழைய கட்டடம், திருத்தத்தோடு 55 இலட்சம் என்று வைப்போம். கடைக்கு 25,000 வீதம் இரண்டு கடை, பதினொரு மாதத்துக்கு ஐந்தரை இலட்சம், செலவு 50,000. மிச்சம் 5 இலட்சம், 9 வீதம். இரண்டிலும் கைக்கு வரும் தொகை ஒன்றுதான், போட்ட காசுதான் வேறு. வன்னியில் இப்போது புதிதாகக் கட்டும் செலவுக்கு ஏற்ற வாடகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழையதை வாங்கித் திருத்துபவர் வெல்லுகிறார். வாடகைக்கு என்று மாபிள் பதிக்கும் வெளிநாட்டு அண்ணாமாருக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம் என்பதும் கணக்கில் ஒரு பகுதி. 2020இல் வளாகங்கள் பூட்டியபோது பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் போடிங் அறைகள் வெறுமையாகக் கிடந்தன. மாணவரை மட்டும் நம்பினால் வருடத்தில் நான்கு மாதம் வெறுமை என்றும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் தாங்கினால் வாங்கலாம். பரந்தன் சந்தியில் மருந்துக் கடையும் வன்பொருள் கடையும் அருகருகே இருக்கும் கட்டடம் அழகில் குறைவு, தூக்கம் நல்லாக வரும்.

வாடகை ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு மேற்பட்டால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். "எங்கட பெடியன்தானே" என்று வாய்ச்சொல்லில் விட்டவர்கள்தான் பிறகு நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்.

படி 5: வெறுங்காணிக்கும் மாதச் செலவு உண்டு

வெறுங்காணி வாங்குபவர் 'அது பாட்டுக்குக் கிடக்கும்' என்பார். அது பாட்டுக்குக் கிடக்காது. என் மாங்குளத்துக் காணியில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உடைமரம் ஆளுயரம் வரும். ஜே.சி.பி. பிடித்துத் துப்புரவாக்கினால் அடுத்த மாரிக்கு மீண்டும் அதே காடு. ஒருமுறை ஏழு மாதம் போகாமல் விட்டுப் போனபோது வடக்கு மூலையில் எல்லைக்கல்லைக் காணவில்லை. அயல் வேலி இரண்டு அடி உள்ளே வந்திருந்தது, கதியால் துளிர்த்துக்கூட இருந்தது. சேவையரைத் திரும்பக் கூப்பிட்டு அளந்த செலவு என் தலையில்.

இனிக் கணக்கு. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் காசு இரட்டிக்கும் வருடம் வரும். 8 வீதம் என்றால் ஒன்பது வருடம். 40 இலட்சத்துக்கு ஒரு வெறுங்காணி, தீர்வை ஏறக்குறைய 1 இலட்சத்து 60 ஆயிரம், தூணும் முட்கம்பியும் இரண்டரை இலட்சம்: மொத்தம் 44 இலட்சம். ஒன்பது வருடத்தில் 88 இலட்சத்துக்கு விற்றால்தான் வங்கியோடு சரிக்குச் சரி. வருடம் 40,000 துப்புரவு, தரகர் காசு, 2018 ஏப்ரலிலிருந்து இருக்கும் மூலதன ஆதாய வரி எல்லாம் அதற்கு மேல். 'காணி இரட்டிச்சிட்டுது' என்று ஒருவர் சந்தோசப்படும்போது எத்தனை வருடத்தில் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் மாங்குளத்துக் காணியை 2021இல் விற்றேன். வாங்கிய விலையை விடக் கூடத்தான். ஒன்பது வருடச் செலவையும் வட்டியையும் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். அதை மனைவிக்குக் காட்டவில்லை.

படி 6: வயலும் தென்னையும்

வயலைக் குத்தகைக்குக் கொடுப்பதற்காக வாங்குவது பெரும்பாலும் கணக்கில் தோற்கும். காலபோகம் நிச்சயம், இரணைமடுவின் கீழ் சிறுபோகம் குளத்துத் தண்ணீரைப் பார்த்துப் பங்காகத்தான் கிடைக்கும், எனவே இரண்டு போகம் என்று எழுதாதீர்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநலச் சட்டப்படி குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பு உண்டு, வயலை நினைத்தபடி நிரப்பி வீடு கட்டவும் முடியாது. நீங்களே செய்பவர் என்றால் வேறு கணக்கு. தென்னை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம், அதுவரை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும்.

படி 7: கடன்

ஒரே விதி வைத்திருக்கிறேன்: மாதம் வருமானம் தராத காணிக்குக் கடன் எடுக்க மாட்டேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி கூட்டியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்து வெறுங்காணி வாங்கியவர் அந்த மாதத் தவணையை எங்கிருந்து கட்டுவார்? சீட்டுக் காசில், நகை ஈடு வைத்து. வாடகை வரும் கடைக்குக் கடன் எடுத்தாலும், வாடகை ஆறு மாதம் நின்றால் தவணை கட்டக் கையில் காசு இருக்க வேண்டும்.

படி 8: வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணியை முழு உரிமையுடன் வாங்க முடியாது. இலங்கைக் குடியுரிமையை விட்டு வேறு குடியுரிமை எடுத்தவரும் இதற்குள் வருவார். இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தால் வாங்கலாம், உரித்தாக வருவதற்கும் தடையில்லை. 'தம்பியின்ர பேரில எழுதுவம், பிறகு பாப்பம்' என்ற ஏற்பாட்டில் அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்களை ஊருக்கு ஊர் காட்டலாம்.

உங்களுக்காகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதென்றால் குறித்த ஒரு காணிக்கு, குறித்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். வாடகை நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். தூரத்தில் இருப்பவருக்கு வருமானக் காணி பாதுகாப்பானது. வாடகை வராத மாதமே ஏதோ பிழை என்று தெரிந்துவிடும். வெறுங்காணியில் பிழை நடந்தால் அடுத்த முறை திருவிழாவுக்கு வரும்போதுதான் தெரியும்.

படி 9: இருந்தும் ஊகம் செய்யத்தான் வேண்டுமென்றால்

சரி, எனக்கும் அந்த ஆசை போகவில்லை. அதனால் எல்லை போட்டு வைத்திருக்கிறேன். உறுதிக் காணி மட்டும், சொந்தக் காசு மட்டும், தொலைந்தாலும் வீட்டுச் சாப்பாடு குறையாத அளவு மட்டும். முதலில் மாத வருமானம் தரும் ஒரு இடம், அதன் மிச்சத்தில்தான் வெறுங்காணி. வாங்கும் நாளிலேயே விற்கும் விலையையும் விற்கும் வருடத்தையும் எழுதி உறுதியோடு வைத்துவிடுவேன். அந்த வருடம் வந்தால், 'வருகுதாம்' இன்னும் வராவிட்டாலும், கிடைத்த விலைக்கு விற்பது.

காணி சும்மா கிடக்கும் காலத்தில் சிறிதாவது வருமானம் வரும் வழியும் பார்க்கலாம். பரந்தனில் நான் இப்போது வைத்திருக்கும் துண்டில் கல், மணல் குவிக்க ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். பெரிய தொகை இல்லை, துப்புரவுச் செலவுக்குக் காணும். ஆள் நடமாட்டம் இருப்பதால் வேலியும் நகரவில்லை.

போன கிழமை அதே தரகர் அழைத்தார். மாங்குளத்தில் இன்னொரு துண்டாம், வலயம் வருகுதாம். "வாடகை என்ன வரும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அண்ணை, அங்க இப்ப ஆரும் இல்லையே வாடகைக்கு எடுக்க" என்றார்.